வாக்குறுதியில் ஒரு பத்தி, வயலில் ஒரு போகம்

ஒரு ஏக்கர் சம்பா நெல்லுக்கு எத்தனை மூட்டை யூரியா போடுகிறீர்கள்? மூன்று மூட்டை என்று வைத்துக்கொள்வோம். நாற்று விட்ட பிறகு, 'இனி யூரியா கிடையாது, டிஏபி கிடையாது, பொட்டாஷ் கிடையாது, எருவை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அரசு அறிவித்தால் என்ன செய்வீர்கள்?

கற்பனைக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். ராமேசுவரத்துக்கு அக்கரையில் இலங்கை விவசாயிகள் 2021-ல் இதை நேரில் அனுபவித்தார்கள். அங்கே நம்மைப் போலவே நெல் போடும் தமிழ் விவசாயிகள் கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்புப் பகுதிகளில் இருக்கிறார்கள். உரத்தை அவர்கள் 'பசளை' என்பார்கள். அந்தப் பசளைக்கு என்ன ஆனது என்ற கதை, ஒரு தேர்தல் அறிக்கையின் சில வரிகளில் இருந்து தொடங்குகிறது.

தேர்தல் வந்தால் நாம் கடன் தள்ளுபடியைக் கேட்கிறோம், ஆதரவு விலையைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் மண், நீர், உரம், விதை பற்றி அறிக்கையில் வரும் வரிகளை யாரும் நின்று படிப்பதில்லை. அதெல்லாம் விஞ்ஞானிகள் பாடு என்று விட்டுவிடுகிறோம். அந்த வரிகளின் விலை எவ்வளவு என்பதை இலங்கையின் அனுபவத்தை வைத்துப் பார்ப்போம்.

அறிக்கையில் இருந்தது என்ன?

2019 நவம்பரில் இலங்கையில் அதிபர் தேர்தல் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளால் நாடே அதிர்ந்து போயிருந்தது. எனவே தேர்தல் மேடைகளில் நாட்டின் பாதுகாப்பே முதல் பேச்சாக இருந்தது. கோத்தபய ராஜபக்ச 52 சதவீத வாக்குகள் பெற்று வென்றார்.

அவருடைய 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற அறிக்கையில் விவசாயம் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. மக்களுக்கு நஞ்சில்லா உணவு கிடைக்க, நாட்டின் விவசாயம் முழுவதையும் பத்து ஆண்டுகளில் இயற்கை உரத்துக்கு மாற்றுவோம் என்றது அது. அதே பகுதியில், படிப்படியாக மாறுவதற்காக ரசாயன உரம், இயற்கை உரம் இரண்டையும் விவசாயிகளுக்கு இலவசமாகத் தருவோம் என்றும் இருந்தது.

இதை யார் எதிர்ப்பார்? நஞ்சில்லா உணவு வேண்டாம் என்று சொல்ல ஆள் கிடையாது. இலவச உரமும் கசக்காது. இயற்கை உரம் எவ்வளவு தேவை, அதை யார் தயாரிப்பார், முதல் ஆண்டில் எத்தனை ஏக்கர் மாறும் என்று மேடையில் கேட்டவர்கள் அரிது.

விவசாய விஞ்ஞானம் அங்கே அரசியலுக்குள் வந்தது அதுதான் முதல் முறை என்றும் சொல்ல முடியாது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி விவசாயிகளைப் பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோய் வாட்டி வருகிறது. அதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் யாரும் நிரூபிக்கவில்லை. களைக்கொல்லியான கிளைபோசேட் மீது சந்தேகம் எழுந்து, அது அரசியல் கோரிக்கையாக வளர்ந்தது. 2015-ல் பொலன்னறுவையைச் சேர்ந்த மைத்திரிபால சிறிசேன அதிபரானதும் கிளைபோசேட்டுக்குத் தடை வந்தது. களை எடுக்க ஆள் கிடைக்காமல் தேயிலைத் தோட்டங்கள் திண்டாடின. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். விவசாயிகளின் நோயும் அச்சமும் உண்மையானவை. ஆனால் காரணம் உறுதியாகும் முன்பே தீர்வை அறிவித்துவிட்டார்கள்.

பத்து ஆண்டு ஒரே நாளானது

2021 ஏப்ரல் கடைசியில் இலங்கை அமைச்சரவை ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்குத் தடை விதிக்க முடிவு செய்தது. மே மாதத் தொடக்கத்தில் அரசிதழில் ஆணை வந்தது. பத்து ஆண்டு என்று அறிக்கையில் சொன்னது ஒரே ஆணையில் முடிந்தது. உரம் வாங்க டாலர் கையிருப்பு இல்லை என்பதும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். வெளியே சொன்ன காரணம் மக்களின் உடல்நலம்.

விவரம் அறிந்தவர்கள் பேசாமல் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களும் மற்ற வேளாண் அறிஞர்களும் எச்சரித்தார்கள். ஒரேயடியாக மாறினால் நெல் விளைச்சல் 25 சதவீதமும் தேயிலை 35 சதவீதமும் குறையக்கூடும் என்று இலங்கை வேளாண் பொருளாதாரச் சங்கம் கணக்கிட்டது. அந்தக் கணக்கு முடிவெடுத்தவர்களின் காதில் ஏறவில்லை.

எருக் கணக்கு

ஏன் எச்சரித்தார்கள்? இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நம் வயலை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

காவிரி டெல்டாவில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல் சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், யூரியாவாகவே போட்டால் 130 கிலோ போதும். 45 கிலோ மூட்டையில் மூன்று.

அதே 60 கிலோவைத் தொழுஉரத்தில் இருந்து எடுக்க வேண்டுமானால்? நன்றாக மக்கிய தொழுஉரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். அப்படியானால் ஏக்கருக்கு 12 டன் வேண்டும். டிராக்டர் டிரெய்லர் ஒன்றுக்கு இரண்டரை டன் என்றால் ஐந்து லோடு. இதோடு முடியவில்லை. தொழுஉரத்தில் உள்ள தழைச்சத்து முழுவதும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் உண்டு. மீதி மண்ணில் தங்கி, அடுத்தடுத்த போகங்களில் மெதுவாக வெளிவரும். மண்ணுக்கு அது நல்லது. ஆனால் முதல் போகத்துப் பயிர் காத்திருக்காதே!

ஒரு நாட்டு மாடு நாளுக்கு 10 கிலோ சாணம் போட்டால் ஆண்டுக்கு மூன்றரை டன் ஆகிறது. மக்கிக் காய்ந்தால் அதில் பாதிதான் மிஞ்சும். ஊரில் எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்று எண்ணிப் பாருங்கள்.

தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து சேரும். அசோஸ்பைரில்லம், அசோலா போன்றவையும் கொஞ்சம் கைகொடுக்கும். இவற்றை எல்லாம் சேர்த்துத்தான் இயற்கை விவசாயிகள் மண்ணை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் கேட்டாலும், மண் தேறச் சில ஆண்டுகள் ஆகும் என்றே சொல்வார்கள். இயற்கை விளைபொருள் சான்று பெற நம் நாட்டு விதிகளே ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும் மாறுதல் காலமாக வைத்திருக்கின்றன. ஒரு தோட்டத்துக்கே இவ்வளவு காலம் என்றால், ஒரு நாட்டுக்கு?

பெரும்போகத்தில் விழுந்த அடி

இலங்கையில் சிறுபோகம், பெரும்போகம் என இரண்டு போகம். தடை வந்தபோது சிறுபோகத்துக்கு ஓரளவு உரம் ஏற்கெனவே கையிருப்பில் இருந்ததால் அந்தப் போகம் ஒருவாறு தப்பியது. அடி விழுந்தது 2021 செப்டம்பர், அக்டோபரில் தொடங்கிய பெரும்போகத்தில்.

தேவையான அளவு இயற்கை உரம் நாட்டில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தின் மாதிரியைச் சோதித்த இலங்கையின் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம், அதில் பயிருக்குக் கேடு தரும் நுண்ணுயிர்கள் இருப்பதாகச் சொல்லி இறக்க மறுத்தது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. கடைசியில் அந்த உரம் வயலுக்கு வராமலேயே ஏறத்தாழ 70 லட்சம் டாலரை இலங்கை கட்ட நேர்ந்தது.

இந்தியாவில் இருந்து நானோ யூரியா கேட்டார்கள். நாம் அரை லிட்டர் பாட்டிலில் வாங்கித் தெளிக்கிறோமே, அதே வகை திரவ உரம். 2021 நவம்பரில் நம் விமானப்படை விமானங்கள் இரண்டு 100 டன் ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்கின. மேலுரத்துக்கு அது ஓரளவு உதவலாம். அடியுரம் இல்லாமல் நட்ட வயலை அது எப்படித் தூக்கி நிறுத்தும்?

விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நவம்பர் கடைசியில் தடை விலகியது. அதற்குள் பயிர் தூர் கட்டும் பருவம் பல இடங்களில் கடந்துவிட்டது. உலகச் சந்தையிலும் உர விலை ஏறியிருந்தது, வாங்க டாலரும் இல்லை. அந்தப் பெரும்போகத்தின் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அரிசியில் பெருமளவு தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியில் இருந்து அரிசி வாங்கியது. நெல் விவசாயிகளுக்குச் சுமார் 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு என்று 2022 ஜனவரியில் அரசு அறிவித்தது.

2022 ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். அதற்கு உரத் தடை மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறு. கடன், டாலர் தட்டுப்பாடு, எரிபொருள் வரிசை என்று பல காரணங்கள் சேர்ந்தன. ஆனால் சோற்றுப் பானையில் கை வைத்ததும் அந்தக் காரணங்களில் ஒன்று. 2024 அதிபர் தேர்தலில் அவருடைய கட்சி வேட்பாளருக்கு 3 சதவீத வாக்கு கூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-ல் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பெரும்பாலான மக்கள் கோத்தபயவுக்கு வாக்களிக்கவில்லை. ஆனாலும் தடை அவர்கள் வயலுக்கும் வந்தது. விஞ்ஞானக் கணக்கில் தவறு நேர்ந்தால், யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அது பார்ப்பதில்லை.

விவசாயிகள் எதிர்த்தது எதை?

'பார்த்தீர்களா, இயற்கை விவசாயம் என்றால் இப்படித்தான்' என்று சிலர் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது சரியல்ல. தடை நடப்பில் இருந்த 2021 ஜூலையில் கொழும்பைச் சேர்ந்த வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இயற்கை முறைக்கு மாறுவதை ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். எப்படி மாறுவது என்ற வழிகாட்டல் தங்களுக்குப் போதவில்லை என்பதும் பலரின் குறை. விவசாயிக்கு அந்த இலக்கில் வெறுப்பு இல்லை. கால அட்டவணையும் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளும் இல்லாததுதான் அவர் பிரச்சினை.

அதே இலக்கை நம் நாட்டிலேயே சிக்கிம் எட்டியது. 2003-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ரசாயன உர மானியத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். விவசாயிகளுக்குப் பயிற்சி தந்து, நிலங்களுக்குச் சான்று வாங்கி, 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. சுமார் 75 ஆயிரம் ஹெக்டேர் மாறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு. இடையில் 2004, 2009, 2014 என்று மூன்று தேர்தல்கள் நடந்தன. ஒவ்வொரு முறையும் வாக்காளர்கள் அந்தத் திட்டத்தை எடைபோட வாய்ப்புக் கிடைத்தது. சிக்கிம் விவசாயிகள் அதற்கு முன்பும் ரசாயன உரத்தை மிகக் குறைவாகவே போட்டார்கள், மாநிலத்துக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதி வெளியில் இருந்தே வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எனவே அதை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் காலம் கொடுத்துச் செய்தார்கள் என்பது நமக்குப் பாடம்.

வேட்பாளரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

எந்தக் கட்சி வேட்பாளர் உங்கள் ஊருக்கு வந்தாலும், மண், நீர், உரம், விதை பற்றி எந்த வாக்குறுதி தந்தாலும், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

1. எவ்வளவு, எத்தனை ஆண்டில்? 'படிப்படியாக' என்ற சொல்லோடு நிறுத்த விடாதீர்கள். முதல் ஆண்டில் எத்தனை ஏக்கர், இரண்டாம் ஆண்டில் எத்தனை என்று கேளுங்கள். இலங்கையின் அறிக்கையிலும் 'படிப்படியாக' என்றுதான் இருந்தது.

2. மாற்று எங்கே இருக்கிறது? ஒன்றை நிறுத்தினால் அதன் இடத்துக்கு வருவது எது, எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில், எந்த மாதம் கிடைக்கும்? கூடுதல் இலவச மின் இணைப்பு என்றால், உங்கள் பிர்காவில் நிலத்தடி நீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மோட்டார் ஓட மின்சாரம் வரும், இறைக்கத் தண்ணீர் வேண்டாமா?

3. எங்கள் மாவட்டத்தில் எங்கே சோதித்தீர்கள்? டெல்டாவின் களிமண்ணும் தர்மபுரியின் செம்மண்ணும் ஒன்றல்ல. வேளாண் அறிவியல் நிலையத்திலோ விவசாயிகளின் வயலிலோ இரண்டு மூன்று போகமாவது செய்து பார்த்த முடிவு இருக்கிறதா?

4. விளைச்சல் குறைந்தால் ஈடு யார்? பயிர்க் காப்பீடு என்பது வறட்சி, வெள்ளம், பூச்சி, நோய் போன்றவற்றால் வரும் இழப்புக்கானது. அரசின் முடிவால் வரும் இழப்பை அதில் கேட்க முடியாது. அதற்குத் தனியாக நிதி ஒதுக்குவார்களா?

5. எழுத்தில் என்ன இருக்கிறது, விலக்கு யாருக்கு? இதற்கு நம் டெல்டாவே சாட்சி. மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் ஆனது. நிலக்கரிப் படிவில் இருந்து மீத்தேன் எடுக்க வேண்டுமானால் முதலில் அங்குள்ள நீரை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்தால் எங்கள் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று விவசாயிகள் கேட்டார்கள். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊரே அமர்ந்தது. நிலத்தடி நீர் பற்றிய விஞ்ஞானக் கேள்வி மேடைப் பேச்சானது, எல்லாக் கட்சிகளும் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. அது விவசாயிகள் பெற்ற வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டத்திலேயே, அதற்கு முன்பு நடப்பில் இருந்த திட்டங்களை அது பாதிக்காது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. மேடையில் தலைப்பை மட்டும் சொல்வார்கள். விலக்கை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

வேளாண் உதவி அலுவலர்களே, தேர்தல் காலத்தில் கட்சி சார்ந்து பேச உங்களுக்கு அனுமதி இல்லை. பேசவும் கூடாது. ஆனால் ஒரு டன் தொழுஉரத்தில் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது, மண் பரிசோதனை முடிவு என்ன சொல்கிறது, ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் எப்படிப் போகிறது என்று சொல்வது பிரசாரம் ஆகாது. அது உங்கள் அன்றாட வேலை. தேர்தலுக்கு முன்பே, உழவர் பயிற்சிக் கூட்டத்தில் கரும்பலகையில் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பிறகு எந்த மேடையில் எவர் எதைச் சொன்னாலும் விவசாயி தானே எடைபோட்டுக்கொள்வார்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்க ஓட்டுக் கேட்டு வரும் நாள் மட்டும் போதாது. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. ஆண்டில் பல முறை கிராம சபை கூடுகிறது. வென்றவர் தந்த வாக்குறுதியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, 'முதல் ஆண்டுக்குச் சொன்னது என்ன ஆயிற்று?' என்று அங்கே கேளுங்கள். மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புதல் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தேர்தல் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், கடன் தள்ளுபடிப் பக்கத்தைப் பார்த்த பிறகு இன்னும் இரண்டு பக்கம் புரட்டுங்கள். உரம், நீர், விதை என்று இருக்கும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டு, உங்கள் ஏக்கருக்கு அது எத்தனை மூட்டை, எத்தனை லோடு என்று ஓரத்தில் கணக்குப் போடுங்கள். கணக்கு இடித்தால், ஓட்டுப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். நாற்று விட்ட பிறகு கேட்டால் அந்தப் போகம் போனதுதான்.